குறைந்த டேட்டாவில் லினக்ஸ் நிறுவுவது எப்படி: திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மூதூரில் இருக்கும் என் அக்காவின் மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளிடம் இருப்பது ஒரு பழைய லப்டொப், அதில் விண்டோஸ் 10. மைக்ரோசொஃப்ட் அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், ஓரளவு புதிய புரொசசர் வேண்டும். அந்த லப்டொப்பில் இரண்டும் இல்லை. வீட்டில் இணையம் என்று இருப்பது அக்காவின் கைபேசியில் போடும் ரீலோட் மட்டும்தான்.

"மாமா, இதுக்கு லினக்ஸ் போட எவ்வளவு டேட்டா போகும்?" என்று கேட்டாள். "உன்னுடைய டேட்டாவில் ஒரு எம்பிகூடப் போகாது" என்றேன். அவள் நம்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு கிண்ணியாப் பாலம் கடந்து பஸ்ஸில் போய்ச் செய்து காட்டினேன்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் பக்கம் நம்மில் பலர் வராமல் இருப்பதற்கு இணையச் செலவு பற்றிய பயம் ஒரு காரணம். நிறுவுவதற்கு இணையமே தேவையில்லை. யாரோ ஒருவர், எங்கேயோ ஓரிடத்தில், ஒரு முறை ஒழுங்காகத் தரவிறக்கினால் போதும். அந்த ஒரே கோப்பு எத்தனை கணினிக்கும் போகும். அதைப் பிரதியெடுத்துக் கொடுக்க லினக்ஸின் உரிமமே அனுமதிக்கிறது, ஒளித்து மறைத்துச் செய்யத் தேவையில்லை. டேட்டா உண்மையில் செலவாவது நிறுவிய பிறகு வரும் அப்டேட்களில். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்கு நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

படி 1: எதை இறக்குவது

இங்கே எடுக்கும் முடிவுதான் மிச்சம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

லினக்ஸ் பல வகையில் வருகிறது, டெபியன், மின்ட், உபுண்டு அவற்றில் சில. டெபியனின் தளத்துக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது நெட்இன்ஸ்ட் என்ற சிறிய கோப்பு, 700 எம்பி அளவில் இருக்கும். சின்னதாக இருக்கிறதே என்று கை அதற்குத்தான் போகும். போகவிடாதீர்கள். அதில் இருப்பது நிறுவியும் அடிப்படை அமைப்பும் மட்டும். டெஸ்க்டொப், உலாவி, அலுவலக மென்பொருள் எல்லாம் நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து வரும், அதற்கே இன்னும் ஒரு ஜிபிக்கு மேல் போகும். நடுவில் சிக்னல் விழுந்தால் நிறுவலும் அப்படியே நிற்கும். இரண்டாவது கணினிக்குப் போட்டால் அவ்வளவையும் மறுபடி இறக்க வேண்டும். டேட்டா குறைந்தவர்களுக்குச் சிறிய கோப்புதான் விலை கூடியது.

நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட் 22 வரிசையில் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான டெஸ்க்டொப் கொண்ட பதிப்பு. ஏறத்தாழ 3 ஜிபி. லிப்ரே ஒஃபிஸ், ஃபயர்ஃபொக்ஸ், படம் பார்க்க, பாட்டுக் கேட்க வேண்டிய மென்பொருள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. இணையமே இல்லாமல் நிறுவி அன்றைக்கே கட்டுரை எழுதத் தொடங்கலாம். இந்த வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. ரேம் 4 ஜிபி இருந்தால் வசதி, 2 ஜிபியிலும் ஓடும். உபுண்டு நல்லதுதான், ஆனால் அதன் 24.04 டெஸ்க்டொப் கோப்பே 5 ஜிபியைத் தாண்டுகிறது. ஒரு காலத்தில் உபுண்டுவே சீடியை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. அந்தத் திட்டம் 2011இல் நின்றுவிட்டது.

டெபியன்தான் வேண்டும் என்றால் முதலாவது டிவிடி கோப்பை எடுங்கள், ஏறத்தாழ 4 ஜிபி. நிறுவும்போது இணையத்திலுள்ள மிரரை, அதாவது மென்பொருள்களின் பிரதி இருக்கும் சேவையகத்தை, பயன்படுத்தலாமா என்று கேட்கும், இல்லை என்று சொல்லுங்கள். உங்களுடையது மிகப் பழைய 32 பிட் கணினி என்றால் மின்ட் 22 ஓடாது. டெபியன் 13இலும் அதற்கான நிறுவி கிடையாது. டெபியன் 12இல் உண்டு.

ஒரே வரிசையில் 22, 22.1, 22.2 என்று பல வெளியீடுகள் வரும். எப்போதும் கடைசியாக வந்ததையே எடுங்கள். கோப்பு எவ்வளவு பழையதோ அவ்வளவு அப்டேட் பின்னால் காத்திருக்கும். நண்பர் ஒருவர் "என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது" என்று இரண்டு வருடத்துக்கு முந்திய கோப்பைத் தந்தால், வாங்கும் முன் ஒரு தடவை யோசியுங்கள். தரவிறக்கத்தில் மிச்சம் பிடித்ததை அப்டேட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

படி 2: எங்கே, எப்போது, எப்படி இறக்குவது

3 ஜிபி என்றால் 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏறத்தாழ மூன்று மணி இருபது நிமிடம். 1 எம்பிபிஎஸ் என்றால் ஆறே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டு இணையப் பொதிகள் சிலவற்றில் நள்ளிரவுக்குப் பிறகான நேரத்துக்குத் தனி ஒதுக்கீடு இருக்கும், பெரும்பாலான வீடுகளில் அது தொடப்படாமலே மாதம் முடியும். உங்கள் பொதியில் அப்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஃபைபர் இருக்கும் நண்பர் வீடு, வேலையிடம், அல்லது வளாகத்தில் படிக்கும் யாராவது. கொழும்பில் இருப்பவர் இரவு ரயிலில் ஊருக்கு வரும்போது ஒரு பென்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் நல்ல வழிதான். என்னிடம் வந்த முதல் மின்ட் அப்படித்தான் கல்ஓயா சந்தி தாண்டி வந்தது.

நானே இறக்கத் தொடங்கிய காலத்தில் உலாவியில் இணைப்பைச் சொடுக்கி அப்படியே விட்டுவிடுவேன். ஒரு மழைக்கால இரவில் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிய பிறகு கரண்ட் போனது. விடிந்ததும் மறுபடி தொடங்கினால் பூச்சியத்திலிருந்து ஆரம்பித்தது. அந்த மாத டேட்டா அதோடு சரி. அன்றிலிருந்து டொரென்ட் மட்டும்தான். மின்ட், டெபியன் இரண்டுமே தங்கள் அதிகாரபூர்வத் தளத்தில் டொரென்ட் கோப்பு தருகின்றன. டொரென்ட் முறை, ஐஎஸ்ஓ எனப்படும் அந்த நிறுவல் கோப்பைப் பிறரின் கணினிகளிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளாக இறக்கும், ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்கும். கரண்ட் போனாலும் சிக்னல் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இன்றிரவு பாதி, நாளை இரவு மீதி என்று பிரித்தும் இறக்கலாம்.

அதற்குக் கியூபிட்டொரென்ட் என்ற நிரல் போதும். ஆனால் டொரென்ட் இறக்கும்போதே பிறருக்கு ஏற்றியும் கொடுக்கும், அந்த ஏற்றமும் உங்கள் டேட்டாக் கணக்கில் சேரலாம். அமைப்புகளில் ஏற்ற வேகத்தை மிகக் குறைவாக, நொடிக்கு 5 கிலோபைட் அளவில் வையுங்கள். 0 என்று போட்டால் நின்றுவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே 0 என்றால் வரம்பில்லை என்று அர்த்தம். இறக்கி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். அளவில்லா இணைப்பு இருக்கும் இடத்துக்குப் போகும்போது ஓர் இரவு ஓடவிட்டு, பிறரிடமிருந்து வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள்.

விண்டோஸ் கணினியில் கைபேசி டேட்டாவை இணைத்து இறக்குகிறீர்களா? அப்படியென்றால் அந்த இணைப்பின் அமைப்பில் மீட்டர்ட் (டேட்டா அளவுள்ள இணைப்பு) என்ற தெரிவை முதலில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் அப்டேட்டைப் பின்னால் இறக்கத் தொடங்கி, உங்கள் ஒதுக்கீட்டைப் பாதிக்குப் பாதி எடுத்துவிடும்.

படி 3: கோப்பைச் சரிபார்த்தல்

இதை விட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் நிறையப் பேர். ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் நிறுவல் எழுபது சதவீதத்தில் நின்று புரியாத பிழைச் செய்தி காட்டும், நீங்கள் லப்டொப்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

தரவிறக்கப் பக்கத்திலேயே எஸ்எச்ஏ256 என்ற பெயரில் 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம் இருக்கும். உங்கள் கோப்பிலிருந்து கணித்து வருவதும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கணிப்பதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ரூஃபஸ் என்ற சின்ன நிரலில் ஐஎஸ்ஓவைத் தெரிவு செய்தபின் பக்கத்தில் இருக்கும் சரி அடையாளப் பொத்தானை அழுத்தினால் காட்டும். செவன்ஸிப் இருந்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கி சிஆர்சி எஸ்எச்ஏ என்ற பகுதியில் எடுக்கலாம்.

சரம் பொருந்தவில்லையா? உடனே அழித்துவிடாதீர்கள். அதே வெளியீட்டின் டொரென்ட் கோப்பை மட்டும் எடுங்கள், அது மிகச் சிறியது. கியூபிட்டொரென்ட்டில் சேர்க்கும்போது சேமிக்கும் இடமாக உங்கள் பழுதான ஐஎஸ்ஓ இருக்கும் அதே ஃபோல்டரைக் காட்டுங்கள், கோப்பின் பெயரும் அதுவாகவே இருக்கட்டும். அது இருக்கும் கோப்பைத் துண்டு துண்டாகச் சரிபார்த்து, கெட்டுப்போன துண்டுகளை மட்டும் இறக்கும். தானாகச் சரிபார்க்காவிட்டால் ஃபோர்ஸ் ரீசெக் என்று கொடுங்கள். உலாவியில் இறக்கிப் பாதியில் நின்ற கோப்பையும் பல நேரம் இப்படிக் காப்பாற்றலாம். 3 ஜிபி போயிருக்க வேண்டிய இடத்தில் எனக்குச் சில எம்பிகளோடு வேலை முடிந்திருக்கிறது. டேட்டா குறைந்தவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள உத்தி எனக்குத் தெரியாது.

சரிபார்ப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்டின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் தரவிறக்க இணைப்பைப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். மின்ட் குழு சீக்கிரமே கண்டுபிடித்து அறிவித்தது. எனவே கைமாறி வந்த பென்னிலிருந்து கோப்பை எடுத்தால், அதன் சரத்தை அதிகாரபூர்வத் தளத்தில் உள்ளதோடு கைபேசியில் ஒரு தடவை ஒப்பிடுங்கள். அதற்குச் செலவாவது ஒரு பக்கத்தைத் திறக்கும் டேட்டா மட்டும்.

படி 4: பென் டிரைவ்

8 ஜிபி போதும். ஆனால் 32 ஜிபி ஒன்று வாங்கினால் அப்டேட்களையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். மலிவாகக் கிடைக்கும் பென்களில் போலியும் இருக்கின்றன. மேலே 64 என்று எழுதியிருக்கும், உள்ளே உண்மையில் 8 இருக்கும். நிரம்பிய பிறகு எழுதியதெல்லாம் காணாமல் போகும். வாங்கியவுடன் முழுக்க நிரப்பி, கோப்புகள் திரும்பத் திறக்கின்றனவா என்று சோதியுங்கள்.

எழுதுவதற்கு இரண்டு வழி. ரூஃபஸ் இரண்டு எம்பி அளவுதான், எளிது, ஒரு பென்னில் ஒரு ஐஎஸ்ஓ. கேட்கும்போது பரிந்துரைக்கப்பட்ட ஐஎஸ்ஓ முறையையே தெரிவு செய்யுங்கள். வென்டாய் இன்னொன்று, இருபது எம்பிக்குள் வரும். அதை ஒரு தடவை பென்னில் நிறுவிவிட்டால், அதன்பின் ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணமாகப் பிரதி செய்து போட்டாலே அதிலிருந்து கணினி கிளம்பும். மின்ட், டெபியன் இரண்டையும் ஒரே பென்னில் வைக்கலாம். அதே பென்னிலிருந்து இன்னொருவர் ஐஎஸ்ஓவைத் தன் கணினிக்கு எடுத்துக்கொள்ளவும் முடியும். பலருக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் வென்டாய்தான் சரி. இரண்டுமே பென்னில் ஏற்கெனவே இருப்பதை அழித்துவிடும்.

படி 5: கை வைக்கும் முன்

படங்கள், பாடக் குறிப்புகள், கடிதங்கள் எல்லாவற்றையும் வேறொரு டிரைவில் பிரதி எடுங்கள். இதற்கு விதிவிலக்கு கிடையாது. பிரதி எடுத்த கோப்புகளில் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுவதானால் இன்னும் மூன்று வேலை. விண்டோஸின் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள், இல்லையென்றால் விண்டோஸ் டிரைவை லினக்ஸிலிருந்து எழுத முடியாது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் இயங்குகிறதென்றால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி, 40 ஜிபியாவது வெற்றிடம் விடுங்கள்.

கார்த்திகை, மார்கழி மழையில் நமக்குக் கரண்ட் போவது புதிதில்லை. லப்டொப் என்றால் பற்றரி நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும். பற்றரி போன லப்டொப், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப் என்றால் வானம் வெளுத்த ஒரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: லைவில் பார்த்தல்

பென்னைச் செருகிக் கணினியைத் திறக்கும்போது எந்த டிரைவிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஏசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12, ஆனால் சில மாதிரிகளில் முதலில் எஃப்2 அழுத்திக் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய் அந்த மெனுவை இயக்கிவிட வேண்டும். வென்டாய் பயன்படுத்தும்போது செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி மறித்தால் அதைப் பயோஸில் நிறுத்திவிடலாம்.

மின்ட் நிறுவாமலே பென்னிலிருந்து ஓடும். அவசரப்பட்டு நிறுவலைச் சொடுக்காமல் ஒரு கால் மணி நேரம் இதில் செலவழியுங்கள். ஒலி வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, வைஃபை பட்டியலில் வீட்டு இணைப்பு தெரிகிறதா, தமிழ்க் கோப்பொன்றைத் திறந்தால் எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று பாருங்கள். வைஃபை தெரியவில்லையென்றால் பதற வேண்டாம். ஆண்ட்ராய்ட் கைபேசியைக் கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் லினக்ஸ் உடனே பிடித்துக்கொள்ளும். கைபேசி அந்த நேரம் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே லப்டொப்புக்குக் கடத்தும், கைபேசி டேட்டா போகாது. கேபிள் மட்டும் தரவு கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளால் பயனில்லை.

சோதித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையையும் துண்டியுங்கள்.

படி 7: நிறுவுதல்

இணைப்பைத் துண்டிக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நிறுவும்போது இணையம் இருந்தால் மொழிப் பொதிகளையும் வேறு சிலவற்றையும் தானே இறக்கத் தொடங்கும். மெதுவான இணைப்பில் அந்த இடத்தில் மணிக்கணக்கில் நிற்பதும் உண்டு. சில வகைப் பாட்டு, வீடியோக் கோப்புகளுக்கான மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும் பெட்டியையும் இப்போது வெறுமையாக விடுங்கள். அதைப் பிறகு மெனுவிலிருந்தே எடுக்கலாம், இரவு ஒதுக்கீட்டில்.

மற்றக் கேள்விகள் எளியவை. விசைப்பலகை ஆங்கிலம், நேர வலயம் கொழும்பு, உங்கள் பெயர், கடவுச்சொல். ஒரே ஒரு திரையில் மட்டும் நிதானம் வேண்டும், அது நிறுவல் வகை. டிஸ்க்கை முழுதும் அழித்து நிறுவு என்பது உண்மையிலேயே எல்லாவற்றையும் அழிக்கும். விண்டோஸோடு சேர்த்து என்ற தெரிவு வந்தால் அதை எடுங்கள். அது வராமல் போனால் வேறு ஏதோ தெரிவை ஊகத்தில் அழுத்தாதீர்கள். நிறுத்திவிட்டு, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினியில் கால் மணி, இருபது நிமிடத்தில் முடியும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம்.

படி 8: முதல் அப்டேட்

இங்கேதான் டேட்டா கரையும். முதல் நாள் அப்டேட் மனேஜரைத் திறந்து எல்லாவற்றையும் போடு என்று அழுத்தினால் ஒரு ஜிபிக்கு மேல் கேட்பது சாதாரணம். அதனால் ஒழுங்கு முக்கியம்.

முதலில் அதன் விருப்பத்தேர்வுகளுக்குப் போய்த் தானியங்கி அப்டேட் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலைப் புதுப்பிப்பதற்கே சில பத்து எம்பி போகும் என்பதால் அந்த இடைவெளியை வாரத்துக்கு ஒரு முறை என்று மாற்றுங்கள். அப்புறம் சொஃப்ட்வெயார் சோர்சஸில் மிரரை மாற்றலாம். பட்டியல் ஒவ்வொரு மிரரின் வேகத்தையும் சோதித்துக் காட்டும், இலங்கைக்குப் பக்கத்தில் வேகமாக இருப்பதை எடுங்கள்.

பட்டியல் வந்தபின் எல்லாத் தெரிவையும் நீக்குங்கள். காட்சி மெனுவில் அளவு என்ற நெடுவரிசையை இயக்கினால் எது எத்தனை எம்பி என்று தெரியும். நான் பின்பற்றும் ஒழுங்கு இது. முதலில் ஃபயர்ஃபொக்ஸ், ஏனென்றால் வெளியுலகத்தோடு எப்போதும் உரசிக்கொண்டிருப்பது உலாவிதான். அதன்பின் பாதுகாப்பு என்று கேடய அடையாளம் போட்ட சிறிய மென்பொருள் பொதிகள். அதன்பின் ஒரு இரவில் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல், அது நூறு எம்பியைத் தாண்டும். லிப்ரே ஒஃபிஸும் மற்றவையும் கடைசியில்.

பட்டியலில் லினக்ஸ் ஃபேம்வெயார் என்ற ஒன்று இருக்கும். மின்ட் 22இல் அந்த ஒரு பொதியே பலநூறு எம்பி. எல்லா நிறுவனங்களின் வைஃபை, கிராஃபிக்ஸ் சில்லுகளுக்குமான கோப்புகள் ஒரே மூட்டையாக இருப்பதால்தான் இந்தக் கனம். உங்கள் கருவிகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்றால் அதை அவசரமாக எடுக்கத் தேவையில்லை. வலது சொடுக்கி, இந்த அப்டேட்டை மட்டும் தவிர் என்று கொடுக்கலாம். எதிர்கால அப்டேட் எல்லாவற்றையும் தவிர் என்ற மற்றத் தெரிவைத் தொடாதீர்கள். அதிலும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், நல்ல இணைப்பு கிடைக்கும் நாளில் எடுத்தே ஆக வேண்டும்.

நடுவில் இணைப்பு அறுந்தால் கணினிக்கு ஒன்றும் ஆகாது. எல்லாப் பொதியும் வந்து சேர்ந்த பிறகுதான் நிறுவத் தொடங்கும், மறுபடி முயன்றால் முழுதாக இறங்கியவை திரும்ப இறங்காது. கரண்ட் விஷயத்தில் மட்டும்தான் பயப்பட வேண்டும். நிறுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணினி அணையக் கூடாது.

புதிய மென்பொருள் தேடும்போது சொஃப்ட்வெயார் மனேஜரில் ஒரே நிரல் இரண்டு வடிவில் தெரியும். ஒன்று சிஸ்டம் பொதி, மற்றது ஃபிளாட்பேக். சிஸ்டம் பொதியையே எடுங்கள். ஃபிளாட்பேக்கில் சின்ன நிரலுக்கும் அடித்தளமாகப் பலநூறு எம்பி சேர்ந்து வரும்.

படி 9: தமிழ்

டேட்டா செலவில்லாமல் தமிழ் எழுத வழி இருக்கிறது. விசைப்பலகை அமைப்பில் புதிய தளவமைப்பைச் சேர்க்கும் இடத்தில் தமிழ்99 ஏற்கெனவே இருக்கிறது, இலங்கைத் தமிழுக்கான தளவமைப்பும் இருக்கிறது. ரெங்கநாதன் விசைப்பலகையில் பழகியவர்கள் ஐபஸ் எம்17என் என்ற சிறிய பொதியை எடுத்தால் அதில் கிடைக்கும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் பாமினி. பாடசாலை வினாத்தாள், கோவில் அழைப்பிதழ், சங்கக் கடிதம் என்று இருபது வருடக் கோப்புகள் அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. லிப்ரே ஒஃபிஸில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். பழைய விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினிக் கோப்பை முன்கூட்டியே பென்னில் எடுத்து வைத்து, லினக்ஸில் இரட்டைச் சொடுக்கி நிறுவினால் பழையபடி தெரியும். விண்டோஸை அழித்த பிறகு இது ஞாபகம் வந்தால் எழுத்துருவைத் தேடி அலைய வேண்டியிருக்கும், படி 5இலேயே செய்துவிடுங்கள். புதிதாக எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள்.

படி 10: ஒருவர் இறக்கியதைப் பலருக்குக் கொடுத்தல்

இரண்டாவது, மூன்றாவது கணினிக்கும் மின்ட் போடும்போது அப்டேட்டை ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இறக்குவது வீண். சினாப்டிக் என்ற நிரல் மின்டிலேயே இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு முறை இறக்கியதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம்.

நல்ல இணைப்பு உள்ள இடத்தில் முதல் கணினியில் சினாப்டிக்கைத் திறந்து ரீலோட் அழுத்துங்கள் (இந்த ரீலோட்டுக்குக் காசில்லை). பிறகு மார்க் ஆல் அப்கிரேட்ஸ், அப்புறம் அப்ளை. வரும் சுருக்கப் பெட்டியில் டவுன்லோட் பேக்கேஜ் ஃபைல்ஸ் ஒன்லி என்ற தெரிவைப் போட்டால் இறக்க மட்டும் செய்யும். முடிந்ததும் ஃபைல் சிஸ்டத்தில் வார் என்ற ஃபோல்டர், அதற்குள் கேஷ், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஆர்கைவ்ஸ். அங்கே டெப் என்று முடியும் கோப்புகள் வரிசையாக இருக்கும். அவற்றைப் பென்னுக்குப் பிரதி செய்யுங்கள். பிறகு அந்தக் கணினியில் தெரிவை நீக்கி வழக்கம்போல அப்ளை கொடுத்தால் இறக்கியவையே நிறுவப்படும்.

மற்றக் கணினியில் முதலில் ரீலோட் ஒரு தடவை தேவை. அதற்குச் சில பத்து எம்பி போகும், கைபேசி டெதரிங் போதும். பின்பு ஃபைல் மெனுவில் ஆட் டவுன்லோடட் பேக்கேஜஸ் என்று கொடுத்துப் பென்னில் உள்ள ஃபோல்டரைக் காட்டுங்கள். தனக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். இரண்டு கணினியிலும் ஒரே மின்ட் வரிசை இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. கணினியில் இணைப்பே இல்லாத வீடுகளுக்கு ஆப்ட் ஒஃப்லைன் என்ற கருவி உண்டு. அது என்னென்ன வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும், இணைப்புள்ள இடத்தில் அதைக் கொடுத்தால் மொத்தமாக இறக்கித் தரும்.

டியூஷன் நிலையம், பாடசாலை ஆய்வுகூடம் போன்று பத்துப் பதினைந்து கணினி ஒரே வலையமைப்பில் இருக்கும் இடத்துக்கு ஆப்ட் கேஷர் என்ஜி சிறந்தது. ஒரு கணினியில் அதை நிறுவி, மற்றவற்றில் பொதிகளை இறக்கும் கருவியான ஆப்ட்டின் புரொக்சி அமைப்பை அந்தக் கணினியின் 3142ஆம் போர்ட்டுக்குக் காட்ட வேண்டும். முதல் கணினி இறக்கிய பொதி அங்கே தங்கிவிடும், மீதிக் கணினிகள் எல்லாம் அதை உள்ளிருந்தே எடுக்கும். கிண்ணியாவில் ஒரு வகுப்பறையில் ஒன்பது கணினிகளுக்கு இப்படிச் செய்துகொடுத்தோம், ஏறத்தாழ ஒரு கணினிக்குரிய டேட்டாவோடு முடிந்தது.

பென்னைக் கைமாற்றும் முன் அதில் இருக்கும் ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 சரத்தை மறுபடி ஒரு தடவை கணித்துப் பாருங்கள், பிரதி செய்யும்போதும் பழுதாகலாம். அந்தச் சரத்தையும் வெளியீட்டு எண்ணையும் ஒரு சிறு உரைக் கோப்பாகப் பக்கத்தில் வையுங்கள். பென்னின் முதுகில் ஒரு துண்டு டேப் ஒட்டி, எந்த மாதம் இறக்கியது என்று பேனாவால் எழுதுங்கள். மூதூரில் விட்டுவந்த பென் இப்போது தோப்பூரில் யாரிடமோ இருக்கிறது என்று அக்காவின் மகள் சொன்னாள். அடுத்த வெளியீடு வந்ததும் புதிய தேதியோடு இன்னொன்று அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.